கட்டுரை நோட்டும் சிவப்புப் பேனாவும்

பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்துகிறவர்கள் ஆசிரியர்கள் மட்டும் அல்ல. மருங்காபுரி ஒன்றியத்தில் ஒரு பிள்ளை கட்டுரைப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டால், நோட்டு முதலில் தமிழாசிரியரிடம் போகும். பிறகு இல்லம் தேடிக் கல்வி மையத்து அக்காவிடம் போகும். ராத்திரி, திருச்சிக்கோ மணப்பாறைக்கோ கல்லூரிக்குப் போய்வரும் அண்ணன் கைக்கு வரும். மூவரும் ஆளுக்கொரு நிறத்தில் திருத்துவார்கள். கடைசியில் பிள்ளை எழுதியதாக மிஞ்சுவது பெயரும் வகுப்பும்தான். இந்தக் குறிப்புகள் அந்த மூவருக்கும்.

பிள்ளைகள் கட்டுரை எழுதும் சந்தர்ப்பங்கள் பல. ஜூலை 18, தமிழ்நாடு நாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் போட்டி. பள்ளிக் கல்வித் துறையின் ‘தேன்சிட்டு’ இதழ். பள்ளி ஆண்டு மலர். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வின் எட்டு மதிப்பெண் கட்டுரை. தேர்வுக்கு என்றால் பிழை குறைய வேண்டும். இதழுக்கு என்றால் பிள்ளையின் குரல் கெடக்கூடாது. ஆனால் திருத்தும் வரிசை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வாக்கியம் சொல்ல வந்ததைச் சொல்கிறதா என்பது முதலில். எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போகின்றனவா என்பது அடுத்து. ஒற்றும் எழுத்தும் அதற்குப் பிறகு. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விட்டுப்போன ‘ப்’பைக் கண்டுபிடிக்க யோசிக்க வேண்டியதில்லை, பொருளைக் கண்டுபிடிக்க யோசிக்க வேண்டும். அதனால் ஒற்றிலேயே மை தீர்ந்துவிடுகிறது.

செய்ய வேண்டியவை

முதல் முறை பேனா இல்லாமல், வாய்விட்டுப் படியுங்கள். திருச்சிராப்பள்ளிச் சீமையில் பிறந்து வளர்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாடல்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். காதில் விழுந்து சரியாக இருந்ததுதான் எழுத்துக்குப் போயிற்று. நம் பிள்ளைகளின் உரைநடைக்கும் காதுதான் முதல் பரிசோதகர். படிக்கும்போது எங்கே மூச்சு முட்டுகிறதோ, எங்கே திரும்பி வரியின் தொடக்கத்துக்குப் போக வேண்டியிருக்கிறதோ, அங்கே ஒரு சின்னப் புள்ளி மட்டும் வையுங்கள். இரண்டாம் வாசிப்பில் அந்தப் புள்ளிகளுக்குத் திரும்பி வரலாம். முடிந்தால் பிள்ளையையே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுதியது ஒன்று, வாய் சொல்வது வேறொன்று என்று பல இடங்களில் இருக்கும். வாய் சொல்வதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எழுவாயையும் பயனிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ் வாக்கியத்தில் எழுவாய் முதலில் வரும், பயனிலை கடைசியில் வரும். நடுவில் பத்துச் சொற்கள் புகுந்துவிட்டால் எதில் தொடங்கினோம் என்பது பிள்ளைக்கு மறந்துபோகும். இப்படி ஒரு வாக்கியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘மணப்பாறைச் சந்தைக்குப் பல ஊர்களிலிருந்து வரும் வியாபாரிகள் மாடுகளை விலை பேசி வாங்கிச் செல்வது வழக்கமாக உள்ளனர்.’ நடுவில் இருப்பதைக் கையால் மறைத்தால் மிஞ்சுவது ‘வியாபாரிகள் வழக்கமாக உள்ளனர்’. பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிடும். ‘வாங்கிச் செல்வது வழக்கம்’ என்று முடிக்கலாம், அல்லது ‘வாங்கிச் செல்கிறார்கள்’ என்று முடிக்கலாம். எதை எடுப்பது என்று பிள்ளை முடிவு செய்யட்டும். இலக்கணப் பெயர் எதுவும் சொல்லித்தராமலே இந்தக் கையால் மறைக்கும் வேலையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் பழக்கிவிடலாம்.

இதிலேயே அடிக்கடி வருவது அஃறிணைப் பன்மை. ‘ஆடுகள் மேய்ந்தது’, ‘மரங்கள் காய்ந்தது’, ‘பேருந்துகள் வந்தது’. இது பிள்ளையின் அலட்சியம் அல்ல. பேச்சில் ஆடு ஒன்றானாலும் நூறானாலும் ‘மேஞ்சுச்சு’தான். எழுத்துக்கு மட்டுமே ‘மேய்ந்தன’ தேவைப்படுகிறது. ஆகவே ‘தப்பு’ என்று வட்டம் போடுவதைவிட, ‘பேசும்போது ஒரு மாதிரி, எழுதும்போது ஒரு மாதிரி’ என்று ஒரு முறை சொல்லிவிட்டு, கட்டுரையில் இருக்கும் எல்லா ‘-கள்’களையும் அவர்களே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ஒவ்வொரு வீடுகளிலும்’ என்பதும் இதன் தம்பிதான். ‘ஒவ்வொரு வீட்டிலும்’ என்றோ ‘எல்லா வீடுகளிலும்’ என்றோ இருக்க வேண்டும்.

எச்சங்கள் யாருடையவை என்று கேளுங்கள். தமிழில் நீண்ட வாக்கியம் எழுதுவது குற்றமே அல்ல. போய், பார்த்து, பேசி, வாங்கி, வந்து என்று ஐந்து வினைகளை ஒரே மூச்சில் கோக்கும் வசதி நம் மொழிக்கு உண்டு. பிள்ளைகள் அதை இயல்பாகவே செய்வார்கள். சிக்கல், ஆள் மாறும்போதுதான் வருகிறது. ‘நான் துவரங்குறிச்சியில் இறங்கி மழை பிடித்துக்கொண்டது’ என்று எழுதினால் இறங்கியது மழையா என்று கேட்கத் தோன்றும். ‘இறங்கியதும்’ என்று ஒரு சொல்லை மாற்றினால் போதும். வாக்கியத்தை இரண்டாக வெட்ட வேண்டியதில்லை. அதே நேரத்தில் ‘மழை பெய்து குளம் நிரம்பியது’ என்பதில் கை வைக்காதீர்கள். அங்கே பெய்தது மழை, நிரம்பியது குளம், ஆள் வேறுதான். ஆனால் ஒன்றால் மற்றொன்று நடந்தது என்பதால் அது நல்ல தமிழ். விதியை மனப்பாடமாக வைத்திருப்பவர்தான் இந்த இடத்தில் நல்ல வாக்கியத்தைக் கெடுப்பார்.

இரட்டைப் பொருள் தரும் தொடரை நீங்களே தீர்த்துவைக்காமல் பிள்ளையிடம் கேளுங்கள். ‘காய்ச்சலில் செத்துப்போன பெரியப்பாவின் மாடு’ என்று இருந்தால் செத்தது யார்? மாடுதான் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். மாடு என்றால் ‘பெரியப்பாவின் மாடு காய்ச்சலில் செத்துப்போனது’ என்று வாக்கியத்தைப் பிரித்துவிடச் சொல்லுங்கள். பெரியப்பா என்றால், திருத்துவதை அங்கேயே நிறுத்திவிட்டு வேறு எதையாவது பேசுங்கள்.

‘உம்’, ‘தான்’, ‘மட்டும்’ மூன்றும் எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கின்றன என்று பாருங்கள். ‘நான்தான் தண்ணீர் எடுத்தேன்’ வேறு. ‘நான் தண்ணீர்தான் எடுத்தேன்’ வேறு. முதலாவதில் வீட்டில் வேறு யாரும் வேலை செய்யவில்லை என்ற குறை இருக்கிறது. இரண்டாவது, எதையோ திருடியதாகச் சொன்னவர்களுக்குப் பதில் போல இருக்கிறது. சின்ன ஒட்டு, வாக்கியத்தின் பாரத்தையே இடம் மாற்றிவிடும். ‘தான்’ போன்ற ஒட்டுகளைப் பிரித்து எழுதாமல் சேர்த்து எழுதுவதும் வழக்கம்: ‘அவன்தான்’, ‘அதைவிட’, ‘போகும்போது’, ‘வரவில்லை’. இடைவெளி விஷயத்தில் சந்தேகம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைத் திறந்து பாருங்கள். 1992இல் முதல் பதிப்பு வந்த அந்த அகராதி, இன்று எழுதப்படும் தமிழை வைத்துத் தொகுக்கப்பட்டது. பள்ளி நூலகத்தில் இருக்க வேண்டிய நூல். கரட்டுப் பக்கம் போய்வந்த பிள்ளை ‘நல்ல பாம்பு பார்த்தேன்’ என்று எழுதினால் அந்த இடைவெளியைப் பற்றிக் கொஞ்ச நேரம் சிரித்துப் பேசலாம்.

நாமா, நாங்களா? இதை ஒரு கேள்வியாகவே ஓரத்தில் எழுதுங்கள். படிக்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, படிக்கிறவரை வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. பேச்சில் எந்தப் பிள்ளையும் இதில் தவறுவதில்லை. கட்டுரை என்று உட்கார்ந்ததும், ‘நாங்கள் தண்ணீரைச் சேமிக்க வேண்டும்’ என்று அறிவுரையைத் தங்கள் தலைமேலேயே போட்டுக்கொள்கிறார்கள். ‘எங்கள் ஊரில் நாங்கள் குடத்தோடு நிற்கிறோம்’ என்னும்போது அது சரி. ஊருக்கே சொல்லும்போது ‘நாம்’ வேண்டும்.

பழைய எழுத்து தெரியும்படி திருத்துங்கள். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது, ஏடுகளில் கண்ட பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டினார். தமக்குச் சரியென்று பட்டதை மட்டும் வைத்துவிட்டு மற்றதை மறைத்துவிடவில்லை. எட்டாம் வகுப்புக் கட்டுரைக்கு அவ்வளவு பெரிய ஆளை இழுப்பானேன் என்று கேட்கலாம். ஆனால் பழக்கம் அதே பழக்கம்தான். பிள்ளையின் சொல்லை ஒற்றைக் கோட்டால் அடியுங்கள், கிறுக்கி மூடாதீர்கள். உங்கள் யோசனை ஓரத்தில் பென்சிலில் இருக்கட்டும். இரண்டும் கண்ணில் பட்டால்தான் பிள்ளை ஒப்பிட்டுப் பார்க்கும், சில நேரம் ‘நான் எழுதினதே நல்லாருக்கு’ என்று சொல்லவும் செய்யும். அப்படிச் சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவது நல்லது.

வெற்றுச் சொற்களைக் கழியுங்கள். ‘மணப்பாறை முறுக்கு என்பது உலகப் புகழ்பெற்ற ஒன்றாகத் திகழ்ந்து வருகின்றது என்பது குறிப்பிடத்தக்கதாகும்.’ இந்த வாக்கியத்தில் முறுக்கு மட்டும்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் காகிதம். ‘என்பது’, ‘ஆனது’, ‘ஆகும்’, ‘திகழ்கிறது’, ‘குறிப்பிடத்தக்கது’ ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் குறையவில்லை என்றால் அது தேவையில்லை. ‘உலகப் புகழ்’ என்ற இடத்தில், 2023இல் அந்த முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற செய்தி வரலாம். அது தெரியாத பிள்ளை, தன் அத்தை முறுக்குச் சுற்றும்போது பார்த்ததை எழுதலாம். எதை எழுதுவது என்பது பிள்ளையின் வேலை. ‘இங்கே வாக்கியம் காலியாக இருக்கிறது’ என்று காட்டுவது மட்டுமே உங்கள் வேலை.

ஒற்றுக்கு ஒரு சின்னப் பட்டியல் போதும். நன்னூலின் புணர்ச்சி விதிகள் முழுவதையும் நோட்டின் ஓரத்தில் இறக்க வேண்டாம். பள்ளிக் கட்டுரையில் திரும்பத் திரும்ப விட்டுப்போகும் இடங்கள் சிலவே. ஐ, கு உருபுகளுக்குப் பின்: ஆட்டைப் பிடித்தேன், பள்ளிக்குச் சென்றேன். அந்த, இந்த, எந்த என்ற சொற்களுக்குப் பின்: அந்தக் கிணறு, எந்தப் பக்கம். இகரத்திலும் ‘ய்’யிலும் முடியும் வினையெச்சங்களுக்குப் பின்: தேடிப் பார்த்தேன், போய்ச் சேர்ந்தேன். ‘ஆக’, ‘பார்க்க’ போன்றவற்றுக்குப் பின்: நன்றாகப் படித்தாள், பார்க்கப் போனோம். இந்த நான்கும் கைவந்துவிட்டால் கட்டுரையின் சிவப்பு மிகவும் குறைந்துவிடும். மீதியை, நல்ல உரைநடை படிக்கப் படிக்கக் காதே கற்றுக்கொள்ளும்.

எழுத்துப் பிழைகளைக் காதால் வந்தவை, கையால் வந்தவை என்று பிரியுங்கள். ‘கோளி’, ‘வாளைப்பளம்’ என்று எழுதும் பிள்ளை காதில் கேட்டபடி எழுதுகிறது. அந்த வீட்டில் ழகரம் அப்படித்தான் ஒலிக்கிறது. ‘முயர்சி’, ‘கறும்பு’ போன்றவையும் காதுப் பிழைகளே. இவற்றுக்குச் சொல்லிக் காட்டிப் பயிற்சி தர வேண்டும். வட்டம் போட்டால் தீராது. ‘கெணறு’க்கும் ‘கேணி’க்கும் நடுவில் தடுமாறிக் கொம்பின் சுழியை விட்டுவிடுவது கைப்பிழை, எழுதி முடித்ததும் ஒரு முறை பார்த்தால் பிள்ளையே பிடித்துவிடும். எகர ஏகாரக் கொம்புகளின் இந்த வேறுபாடு நமக்கு இன்று சாதாரணம். பழைய ஓலைச்சுவடிகளில் இரண்டும் ஒரே வடிவில் இருக்கும், படிப்பவர்தான் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். நெடிலுக்குத் தனிச் சுழி கொடுத்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் என்று சொல்லப்படுபவர், ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்ப்பணி செய்த வீரமாமுனிவர் (1680–1747). சுழியை விடும் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு விடாது.

செய்யக்கூடாதவை

ஊர்ச் சொல்லை அழிக்காதீர்கள். மருங்காபுரி, திருச்சி மாவட்டத்தின் 14 ஒன்றியங்களில் தென்கோடியில் இருப்பது. மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை மாவட்டங்களின் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. பேச்சும் அப்படியே கலந்திருக்கும். ஒரு பிள்ளை ‘கம்மா’ என்று எழுதினால் அதைக் ‘கண்மாய்’ என்று எழுத்து வடிவத்துக்குக் கொண்டுவரலாம். ‘ஏரி’ என்று மாற்றினால் அது வேறு ஊர்க் கட்டுரை ஆகிவிடும். ‘வெள்ளாமை’யை ‘வேளாண்மை’ ஆக்குவதிலும் இதே சங்கடம் உண்டு. ‘இந்த வருசம் வெள்ளாமை இல்லை’ என்றால் வீட்டில் நெல்லோ கடலையோ வரவில்லை என்று பொருள். ‘வேளாண்மை இல்லை’ என்றால் துறை அறிக்கை. மானாவாரி, பட்டி, தொழுவம், வரத்துக்கால் போன்ற சொற்கள் பிள்ளையின் கட்டுரையில் தாமாக வந்தால் அவை கட்டுரையின் சொத்து. பாடநூலில் இல்லை என்பதற்காக அவற்றின் கீழே கோடு போடாதீர்கள். உரையாடலுக்குள், மேற்கோள் குறிக்குள், ‘வெரசா வாடா’ என்று தாத்தா சொன்னதாக இருந்தால் அதை ‘விரைவாக வா’ என்று திருத்துகிறவர் தாத்தாவையே மாற்றுகிறார்.

தூய தமிழ்ப் பரீட்சை வைக்காதீர்கள். பஸ்ஸைப் பேருந்து ஆக்கலாம், அது எல்லோர் வாயிலும் புழங்கிவிட்ட சொல். டிராக்டரை என்ன செய்வீர்கள்? பிள்ளையின் அப்பா ஓட்டுவது டிராக்டர்தான்.

அலங்காரத்தை நீங்கள் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். முன்னுரையில் ஒரு பழமொழி, நடுவில் ஒரு குறள், முடிவுரையில் ஒரு புரட்சிக் கவிதை. நடுவர்களுக்குப் பிடிக்கும் என்று இதைச் செய்கிறார்கள். நாற்பது கட்டுரைகளை வரிசையாகப் படிக்கும் நடுவருக்கு நாற்பதிலும் அதே பழமொழி வரும் என்பதை யோசிப்பதில்லை. பிள்ளை தானாக ஒரு குறளைச் சரியான இடத்தில் கொண்டுவந்தால் அது வேறு. அப்போது சீர் பிரிப்பு சரியா, எழுத்து சரியா என்று மட்டும் நூலைப் பார்த்துச் சரிபாருங்கள். மேற்கோளை நினைவிலிருந்து திருத்துவது ஆபத்தானது, தமிழாசிரியரானாலும்.

‘அம்மா சொல்லுச்சு’ என்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். பேச்சில் அது மரியாதைக் குறைவு அல்ல, பாசம். எழுத்தில் ‘அம்மா சொன்னது’ என்று போட்டால் சொன்ன பொருளைக் குறிப்பது போல ஆகிவிடுவதால் மாற்றத்தான் வேண்டும். ‘சொன்னாள்’ வேண்டுமா, ‘சொன்னார்’ வேண்டுமா என்று பிள்ளையிடம் கேட்டு, எடுத்ததைக் கட்டுரை முழுவதும் ஒரே மாதிரி வையுங்கள். ‘என் அன்னையார் இயம்பினார்’ என்று எழுதிக் கொடுத்தால் வீட்டில் அந்த அம்மாவே சிரிப்பார்.

மிகையாகத் திருத்தாதீர்கள். ஒற்றுப் போடப் பழகியவர்கள் பார்த்த இடத்திலெல்லாம் போடுவார்கள். ‘வந்தப் பையன்’, ‘பலக் கடைகள்’, ‘என்றுக் கூறினார்’ என்று திருத்தப்பட்ட நோட்டுகளை எங்கும் பார்க்கலாம். வந்த பையன், பல கடைகள், என்று கூறினார்: இங்கெல்லாம் ஒற்று மிகாது. விட்டுப்போன ஒற்றைவிட, ஆசிரியர் கையால் தவறாகப் புகுந்த ஒற்று பொல்லாதது, பிள்ளை அதை ஆயுளுக்கும் நம்பும். ‘ஒரு’, ‘ஓர்’ விஷயத்தைத் தேர்வுக் கட்டுரையில் கண்டிப்பாகத் திருத்துங்கள், அதற்கு மதிப்பெண் போகலாம். ஆண்டு மலருக்கு எழுதிய கதையில் ‘ஒரு ஊர்ல’ என்று தொடங்கினால் நான் விட்டுவிடச் சொல்வேன். இலக்கணப் பிடிப்புள்ளவர்கள் இதில் என்னோடு சண்டைக்கு வரலாம், வரட்டும்.

‘மற்றும்’ போட்டு எல்லாவற்றையும் கட்டாதீர்கள். பிள்ளை கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். ‘ஆடு மற்றும் மாடு மற்றும் கோழி’ என்று எந்தப் பாட்டியும் பேசியதில்லை. ‘ஆடு, மாடு, கோழி’ என்றால் முடிந்தது. அழுத்தம் வேண்டுமானால் ‘ஆடும் மாடும் கோழியும்’. அரசுச் சுற்றறிக்கையிலிருந்தும் விளம்பரப் பலகையிலிருந்தும் வந்து பிள்ளைகள் நோட்டில் குடியேறிய சொல் இது.

ஆள் இல்லாத வாக்கியத்துக்கு மெருகு போடாதீர்கள். ‘நீர்நிலைகள் பாதுகாக்கப்பட வேண்டும். விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும். நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட வேண்டும்.’ பொதுக் கட்டுரைகள் பாதி இப்படித்தான் நிரம்புகின்றன. மூன்று வாக்கியத்திலும் ஒற்றுப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை. திருத்துகிறவர் ‘நன்று’ என்று போட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஆனால் யார் பாதுகாப்பது? யார் ஏற்படுத்துவது? செயப்பாட்டு வினை, செய்கிறவரை ஒளித்துவைக்கும் வினை. வறண்ட பூமியில் வளரும் பிள்ளைக்கு விடை தெரியாமல் இருக்காது. ‘யார்?’ என்ற ஒரே சொல்லை ஓரத்தில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். ‘மழைக்கு முன்னாலேயே ஊர்க்காரர்கள் வரத்துக்காலில் கிடக்கும் குப்பையை அள்ள வேண்டும்’ என்பது போல ஒரு வாக்கியம் வரும். அதில் ஒற்று ஒன்றிரண்டு விட்டுப்போயிருந்தாலும், முந்திய மூன்றைவிட நூறு மடங்கு நல்ல வாக்கியம். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க நேரமிருக்கிறது என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பிழையையும் ஒரே நாளில் பிடிக்காதீர்கள். ஒரு கட்டுரைக்கு ஒருவகைப் பிழை, மிஞ்சினால் இரண்டு வகை. இந்த வாரம் அஃறிணைப் பன்மை என்றால் அதை மட்டும் முழுக்கப் பாருங்கள். பக்கம் முழுவதும் சிவந்திருந்தால் பிள்ளை எதையும் படிக்காது, மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடும். போட்டிக்கு மறுநாளே அனுப்ப வேண்டும் என்ற நெருக்கடியில் இந்த விதி தளரும், வேறு வழி இல்லை.

எல்லா வாக்கியத்தையும் குட்டையாக வெட்டாதீர்கள். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் சுருக்கமான வாக்கியங்களைப் படித்து வளர்ந்த தலைமுறை இன்று ஆசிரியர்களாக இருக்கிறது. அந்த வேகம் அவர் கதைக்குப் பொருந்தியது. பாட்டி வடகம் போடுவதை விவரிக்கும் பிள்ளையின் நீளமான, நிதானமான வாக்கியத்தை ஐந்து துண்டாக்கினால் பாட்டியின் கை நின்று நின்று வேலை செய்வது போல ஆகிவிடும். நீளம் குழப்பினால் வெட்டுங்கள், குழப்பாவிட்டால் விடுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் பழைய வடிவத்தில் சொல்லிக்கொடுத்த லை, னை, றா போன்றவற்றைப் பிள்ளையின் பிழை என்று கணக்கெடுக்காதீர்கள். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முன் படித்த தாத்தாக்களின் கையில் அந்தப் பழைய வடிவங்கள் இன்னும் இருக்கின்றன. புது வடிவத்தைக் காட்டிவிட்டு, பழையது எப்படி வந்தது என்று தாத்தாவிடமே கேட்கச் சொல்லுங்கள்.

நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டாம்.

கைபேசியைப் பற்றி

இதில் இரண்டு பக்கமும் உண்டு. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைகளைக் காட்டும். அவருடைய நாவி ஒற்றுப் பிழைகளைக் காட்டும். இரண்டையும் இணையத்தில் காசில்லாமல் பயன்படுத்தலாம். தட்டச்சு செய்த கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு முறை அவற்றில் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம், நம் கண் களைத்துப்போய் விட்டதை அவை பிடிக்கும். ஆனால் ‘கரி’யும் ‘கறி’யும், ‘இரக்க’மும் ‘இறக்க’மும் அகராதியில் உள்ள சொற்கள். ‘ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கரிக்குழம்பு’ என்று இருந்தால், குழம்பில் கரி எதற்கு என்று கேட்க ஆள்தான் வேண்டும். கருவி அடிக்கோடிட்டதை எல்லாம் ஏற்காதீர்கள்; ஊர்ப் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் பிழை என்று அது காட்டக்கூடும்.

குரலைக் கேட்டு எழுதும் வசதியைப் பிள்ளைகள் இப்போது தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அதில் முதல் பலி நிறுத்தக்குறி. அப்படி வந்த கட்டுரையில் புள்ளி எங்கே வர வேண்டும் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பேசியவரையே மறுபடி படிக்கவைத்தால் குரல் இறங்கும் இடம் தெரியும், அங்கே புள்ளி.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கேட்டு வாங்கிய கட்டுரையும் வந்து சேரும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய திறமை வேண்டாம்: பிழையே இருக்காது, ஊரும் இருக்காது. பிள்ளையைத் திட்டுவதால் பயனில்லை. ‘இதில் உனக்குப் பிடித்த வாக்கியத்தை எனக்கு விளக்கு’ என்று கேளுங்கள். விளக்க முடியாத வாக்கியங்களைப் பிள்ளையே அடித்துவிடும். மிஞ்சிய இடத்தில் என்ன எழுதலாம் என்று பேசத் தொடங்கலாம்.

அனுப்புமுன்

திருத்தியதைப் பிள்ளையே படியெடுக்கட்டும், ஆனால் முழுக் கட்டுரையையும் தண்டனை போலத் திரும்பத் திரும்ப எழுத வைக்காதீர்கள். மாறிய வாக்கியங்களை மட்டும் தனித்தாளில் எழுதிவிட்டு, பிறகு ஒரே ஒரு நல்ல படி. அந்தப் படியை அதே ராத்திரி சரிபார்க்காதீர்கள். காலையில் பாருங்கள், முடிந்தால் கட்டுரையைப் பார்க்காத இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். படியெடுக்கும்போது ஒரு வரி முழுவதுமாக விட்டுப்போவது சகஜம். அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் தொடங்கினால் கண் தாவிவிடும். ஏடு பெயர்த்து எழுதிய காலத்திலிருந்து இருக்கும் பிழை இது. அதைப் பிடிக்க ஒருவர் மூலத்தைப் படிக்க, இன்னொருவர் படியைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக எண்களையும் பெயர்களையும் பாருங்கள். கட்டுரைக்குள் இருக்கும் ஆண்டுகள், தலைவர்களின் முன்னெழுத்துகள், பிறகு மேலே உள்ள விவரங்கள்: பெயர், வகுப்பு, பிரிவு, பள்ளி, ஒன்றியம். எல்லோரும் கட்டுரையைப் பார்ப்பார்கள், தலைப்பகுதியை யாரும் பார்ப்பதில்லை. மருங்காபுரிக்கு இடையின ரு, ‘மறுங்காபுரி’ அல்ல.